வேலை போனால் வீடும் போக வேண்டுமா?

(தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர்களுக்கான வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"அரசாங்கம் மக்களுக்கு வீடும் ரோடும் தண்ணீரும் விளக்கும் விரைவாகவும் ஒழுங்காகவும் கொடுப்பது எப்படி?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இது மந்திரிகளும் எஞ்சினியர்களும் பேச வேண்டிய பொருளாயிற்றே, சம்பளத்தையும் லீவையும் பேசுகிற தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தை முதலில் களைந்துவிட்டு மேலே செல்லுவோம்.

பட்டணத்தில் வேலை செய்கிறவருக்கு வேலை வேறு, வீடு வேறு. வேலை போனாலும், வேறொரு வேலை கிடைக்கிற வரையில் தலைக்கு மேல் கூரை இருக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அப்படியல்ல. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. 60 வயதில் வெட்டுக் கத்தியைக் கீழே வைக்கிற அன்றே லயத்து வீட்டையும் விட வேண்டும். தோட்டம் கைமாறினாலும் விட வேண்டும். ரப்பர் மரத்தைச் சாய்த்து வீடமைப்புப் பேட்டை கட்டினாலும், அங்கே நிற்கப்போகும் ஆயிரம் வீடுகளில் ஒன்றுகூட நமக்கில்லை என்று சொல்லிப் பெட்டியைக் கட்டச் சொல்லுவார்கள். ஆகவே, சம்பளத்துக்கு அடுத்தபடியாக நாம் பேச வேண்டிய பொருள் வீடுதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

அரசாங்கம் வீடு கட்டுகிறது. சில இடத்தில் அது கட்டி முடிக்கிறது; சில இடத்தில் அடிக்கல்லோடு நின்றுவிடுகிறது; சில இடத்தில் கட்டியும் ஆள் குடிவராமல் புல் முளைத்துக் கிடக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? கெட்ட மனிதர், நல்ல மனிதர் என்று பேசிப் பயனில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நிலம் யார் கையில் இருக்கிறது? பொறுப்பு யாருடையது? பணம் எங்கிருந்து வருகிறது? வேலை நடந்ததா என்று கணக்குக் கேட்பவர் யார்? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இருந்த இடத்தில் வீடு எழுந்தது. ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் வேலை தடுமாறியது. இதை நாம் அறிந்த இடங்களைக் கொண்டே பார்ப்போம்.

சிங்கப்பூர் கண்ட வழி

முதலில் நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர். வெள்ளைக்காரர் காலத்தில், 1927-ல், அங்கே சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ரோடு போடுவதும் ஊரைச் சீர்செய்வதும் அதன் தலையாய வேலை. வீடு கட்டுவது ஒட்டு வேலை. 32 ஆண்டுகளில் அது கட்டியவை ஏறக்குறைய 23,000 வீடுகள். ஜனத்தொகையோ மளமளவென்று பெருகியது. அத்தாப்புக் குடிசைகளிலும், ஒரே கடைவீட்டைப் பலகை வைத்துத் தடுத்த அறைகளிலும் மக்கள் அடைந்து கிடந்தார்கள்.

1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிற்று. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் ஒரு வியாபாரி. முதல் மூன்றாண்டுகள் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே அந்தக் கழகம் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. 32 ஆண்டில் 23,000, ஐந்தாண்டில் 50,000! ஊர் அதே ஊர், மண் அதே மண். எது மாறிற்று?

முதலாவதாக, பொறுப்பு ஓரிடத்தில் சேர்க்கப்பட்டது. நிலத்தைத் தயார்செய்வது, அங்கிருந்தவர்களை வேறிடத்தில் குடியேற்றுவது, வரைபடம் போடுவது, கட்டுவது, வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது எல்லாம் ஒரே கழகத்தின் வேலை. "அது என் இலாகா அல்ல" என்று ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இடமில்லை. கல்லும் செங்கல்லும் தட்டுப்பட்டால் வேலை நின்றுவிடுமே என்று, கல் உடைக்கும் இடத்தையும் செங்கற்சூளையையும்கூட அந்தக் கழகம் தன் கையில் வைத்துக்கொண்டது.

இரண்டாவதாக, தொடக்கத்தில் ஆடம்பரத்தை நாடவில்லை. ஓர் அறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறை வீட்டுக்கு 40 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 60 வெள்ளி என்று வாடகை வைத்தார்கள். ஏழை கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற வீட்டைக் கட்டினார்கள். வீட்டைக் கட்டிவிட்டுப் பிறகு விலையைச் சொல்லி ஏழையைத் திருப்பி அனுப்பவில்லை. வசதி பெருகப் பெருக, வீட்டையும் பெரிதாக்கினார்கள்.

மூன்றாவதாக, நிலம். 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ பற்றிக்கொண்டது. நான்கு பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அந்தத் தீப்பட்ட நிலத்தை அரசாங்கம் எடுத்து அடுக்குமாடிகளை எழுப்பியது. பின்னர் 1966-ல் நிலம் எடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1960-ல் நாட்டின் நிலத்தில் 44 விழுக்காடு அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1985-ல் அது 76 விழுக்காடு ஆயிற்று. யீஷூன் என்ற பெரிய குடியிருப்பின் பெயரே, லிம் நீ சூன் என்ற ரப்பர், அன்னாசித் தோட்டக்காரரின் பெயரைச் சீன மொழியின் வேறோர் உச்சரிப்பில் எழுதியதுதான். பால்மரம் நின்ற பூமியில் இன்று தொழிலாளர் வீடுகள் நிற்கின்றன.

நான்காவதாக, பணம். அரசாங்கம் கடனும் மானியமும் கொடுத்தது. 1964-ல் வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. 1968 முதல் தொழிலாளி தன் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீட்டுக் கடனைக் கட்ட வழி ஏற்பட்டது. கைச் சம்பளத்தைத் தொடாமலே பலர் வீட்டுக்காரர் ஆனார்கள். இன்றும் அந்நாட்டுக் குடிமக்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் கழக வீடுகளிலேதான் வாழுகிறார்கள்.

தோழர்களே! ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையாகாது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. கம்பத்தில் இருந்தவரும் காய்கறி பயிரிட்டவரும் பன்றி வளர்த்தவரும் தங்கள் இடத்தை விட்டுப் பெயர வேண்டியிருந்தது. மனமில்லாமலே பெயர்ந்தவர் பலர். நிலச் சொந்தக்காரருக்குக் கிடைத்த நஷ்டஈடு நெடுங்காலம் சந்தை விலைக்குக் குறைவாகவே இருந்தது. 2007-ல்தான் சட்டத்தைத் திருத்திச் சந்தை விலை கொடுக்கத் தொடங்கினார்கள். வீடும் நிரந்தரச் சொத்தல்ல, 99 ஆண்டுக் குத்தகைதான். கணக்கும் சில வேளை தவறியது. 1997-ன் பண நெருக்கடிக்குப் பிறகு ஏறக்குறைய 31,000 வீடுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன. அதனால் 2001-ல், பதிவு வந்த பிறகு கட்டுவது என்ற முறைக்கு மாறினார்கள். பின்னர் ஜனத்தொகை கூடியபோது வீடு போதவில்லை, விலை ஏறியது, இளம் தம்பதிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதிகமாகக் கட்டினாலும் தொல்லை, குறைவாகக் கட்டினாலும் தொல்லை. எத்தனை பேருக்கு வீடு வேண்டும், எங்கே வேண்டும் என்ற கணக்கு ஆண்டுதோறும் சரியாக எடுக்கப்பட வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

சிவப்புப் புத்தகம்

"சிங்கப்பூர் சிறிய ஊர், ஒரே அரசாங்கம்; நம் நாடு பெரியது, இங்கே நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

அவசரகாலத்தில் 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்களைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். நம் தோட்டத்து ஜனங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். அது மக்கள் கேட்டு நடந்ததல்ல. துப்பாக்கி முனையில் நடந்தது. அதைப் புகழ நான் வரவில்லை. ஆனால், ஓர் அரசாங்கம் உண்மையிலேயே முனைந்துவிட்டால் எவ்வளவு வேகமாக வேலை செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

சுதந்திரம் வந்த பிறகு துன் அப்துல் ரசாக் கிராம அபிவிருத்தி மந்திரியானார். அவசரகாலத்தில் யுத்தத்துக்குக் கையாண்ட அதே முறையை அவர் ரோட்டுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கையாண்டார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெரிய சிவப்புப் புத்தகம். அதில் மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் கண்ணாடிபோன்ற தாள்கள். ஒரு தாளில் ரோடு, இன்னொன்றில் தண்ணீர், மற்றொன்றில் பள்ளிக்கூடம் என்று, எந்தக் கம்பத்துக்கு என்ன வேண்டும் என்பதைக் குறித்தார்கள். குறித்தவர் கோலாலம்பூரில் இருக்கிற அதிகாரி அல்ல. மாவட்ட அதிகாரியும் ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து குறித்தார்கள். மாவட்டத்திலும் மாநிலத்திலும் தலைநகரத்திலும் ஆப்பரேஷன் அறைகள் அமைந்தன. அந்த அறையின் சுவரைப் பார்த்தால் எந்த வேலை தொடங்கிற்று, எது முடிந்தது, எது நின்றுபோயிற்று என்று தெரியும். மந்திரி தாமே ஊர் ஊராய்ப் போய், "இந்தப் பாலம் ஏன் இன்னும் முடியவில்லை?" என்று எல்லா இலாகா அதிகாரிகளையும் ஒரே அறையில் வைத்துக் கேட்பார். வேலையில் சுணக்கம் வந்தால் மறைக்க இடமில்லை.

பெல்டாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் ஏற்பட்டது. பகாங்கில் லூரா பீலூட் முதல் குடியேற்றம். காட்டை அழித்து, ரப்பரும் செம்பனையும் நட்டு, குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர் பயிர் நிலமும் கால் ஏக்கர் வீட்டு மனையும் கொடுத்தார்கள். 1990-ல் புதிய குடியேற்றக்காரரைச் சேர்ப்பது நிற்கும்வரை 1,12,635 குடும்பங்கள் குடியேறின. அங்கே மரம் வெட்டியவரும் ரப்பர்ப் பால் எடுத்தவர்தான். நாமும் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள்தாம். வித்தியாசம் என்னவென்றால், அவருடைய வீட்டுக்கு வேலைக்கார வீடு என்று பெயரில்லை. வயதானாலும் அவர் தம் வாசலிலேயே உட்காரலாம்.

வேலிக்குள் நின்றுவிட்டவர்கள்

இந்தத் திட்டங்களெல்லாம் நடந்த காலத்தில் தோட்டத் தொழிலாளி எங்கே இருந்தார்? தோட்ட வேலிக்குள் இருந்தார். தோட்டம் தனியார் நிலம். கிராம அபிவிருத்தியின் ரோடு தோட்டத்து வாசல்வரை வரும், உள்ளே வராது. சிவப்புப் புத்தகத்தின் வரைபடத்தில் கம்பங்கள் இருந்தன, லயங்கள் இல்லை. நம் தமிழ்ப் பள்ளிகளில் பல இன்றும் முழு உதவி பெறாமல் பாதி உதவியோடு இருப்பதற்கு, அவை நிற்கிற நிலம் அரசாங்கத்தினுடையதல்ல என்பது ஒரு முக்கிய காரணம். "உங்கள் துரையைக் கேளுங்கள்" என்று அரசாங்கம் சொல்லும். "இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்று துரை சொல்லுவார். இரண்டு மாட்டுக்கும் நடுவில் சிக்கிய புல்லானோம்.

சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1966-ல் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ல் 446-ஆம் சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும், கட்டடத்தைப் பழுது பார்த்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் மற்ற தொழில்களுக்கும் விரித்திருக்கிறார்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, பங்களாதேஷ், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த சகோதரர்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலில் வந்து லயத்தில் பட்ட பாட்டை இன்று அவர்கள் படக்கூடாது. ஆகவே அந்தச் சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றச் செய்வது நம் கடமை.

ஆனால் அந்தச் சட்டம் எதைக் காக்கிறது? வேலையில் இருக்கும்வரை குடியிருக்கும் வீட்டைக் காக்கிறது. வேலை முடிந்த மறுநாள் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. 1970-களில் தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டம் என்று பேசப்பட்டது. முதலாளிகளின் நல்லெண்ணத்துக்கு அதை விட்டுவிட்டபடியால், ஒரு சில தோட்டங்களில் மட்டும் வீடு எழுந்தது. மற்ற இடங்களில் காகிதத்தில் நின்றது.

இதனால் விளைந்ததை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயாவையே பாருங்கள். அந்த இடம் முன்னே பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் திறந்த தோட்டமாதலால், "பெரிய போர்" என்று பொருள்படும் மலாய்ப் பெயர் ஏற்பட்டது. பி.பி. என்ற அடையாளத்தோடு நாமெல்லாம் வெட்டிய உயர்ரக ரப்பர் மரங்கள் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தன, பி.பி. என்பது பிராங் பெசார்தான். 1990-களில் அங்கே தலைநகரம் எழுந்தது. அகன்ற ரோடும் ஏரியும் பாலமும் மாளிகைகளும் குறித்த காலத்தில் வந்தன. அந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தொழிலாளரை டிங்கிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்தார்கள். அந்தச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. தரை வீடு தருகிறோம் என்ற பேச்சைப் பற்றிக்கொண்டு அந்த ஜனங்கள் இருபது ஆண்டுக்கு மேல் மனுக்கொடுத்து அலைந்தார்கள். ஒரு நகரத்தையே கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்குச் சில நூறு வீடு கட்டத் தெரியாதா? தெரியும். நகரத்துக்கு நிலமும் பணமும் ஒரு பொறுப்புக் கழகமும் காலக்கெடுவும் குறித்தார்கள். தொழிலாளி வீட்டுக்கு வாக்குறுதி மட்டும் கொடுத்தார்கள். வித்தியாசம் அதுதான்.

நல்ல செய்தியும் உண்டு. உலு சிலாங்கூரில் புக்கிட் தகார் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், இருபது ஆண்டுக்கு மேல் விடாமல் போராடிய பிறகு, தரை வீட்டுத் திட்டம் ஒன்றைப் பெற்றன. நிறுவனம் நிலம் கொடுக்க, அரசாங்கமும் பங்கு கொடுக்க, வழி பிறந்தது. பேரன் பேத்தி காலத்தில் கிடைத்த வழி. தாத்தா பாட்டி பலர் அதைப் பார்க்கவில்லை. அதே வழியை முதல் ஆண்டிலேயே கண்டிருக்கலாம் அல்லவா?

கழகங்கள் பல, வீடுகள் சில

பட்டணத்து ஏழைக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். மக்கள் வீடமைப்புத் திட்டம் ஒரு பக்கம், மாநில அரசாங்கங்களின் திட்டம் ஒரு பக்கம், மத்திய அரசாங்கத்தின் வெவ்வேறு கழகங்கள் இன்னொரு பக்கம். ஒருவரிடம் இருக்கும் பெயர்ப் பட்டியல் மற்றவருக்குத் தெரியாது. நிலமோ, நம் அரசியல் சட்டப்படி, மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. பணப்பெட்டி பெரும்பாலும் மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இந்த இரண்டு கையும் சேராவிட்டால் ஓசை எழாது.

2012-ல் பிரிமா என்ற கழகத்தை ஏற்படுத்தி ஐந்து லட்சம் வீடுகள் கட்டுவதாகச் சொன்னார்கள். 2018 வரையில் அந்த இலக்கில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. கட்டிய இடங்களில் சில, வேலைக்கும் பஸ்ஸுக்கும் தூரமானவை. வாங்க விரும்பிய பலருக்கோ பாங்கு கடன் கொடுக்கவில்லை. வீட்டின் எண்ணிக்கையை மேடையில் சொல்லுவது எளிது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் யார், அவர் எங்கே வேலை செய்கிறார், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டுக் கட்டுவதுதான் கஷ்டம்.

பராமரிப்பையும் மறக்கக்கூடாது. மக்கள் வீடமைப்பில் மாதம் 124 வெள்ளி வாடகை என்றார்கள். மூன்று அறை வீட்டுக்கு அது ஏழைக்குக் கட்டுபடியான தொகைதான். ஆனால் மின்தூக்கி நின்றுபோய், கிழவிகள் பதினைந்து மாடி படியேறுகிற குடியிருப்புகளைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். வாடகை குறைவு என்றால் பராமரிப்புக்கு வேறிடத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்காமல் வீட்டை மட்டும் கட்டுவது, கன்று நட்டுவிட்டுக் களை எடுக்காததற்குச் சமானம். பால்மரம் வளர்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

இனி, தொழிற்சங்கம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, நிலம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்தைத் துண்டாடி விற்பதற்கு, தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நில வாரியத்தின் சம்மதம் வேண்டும். 1950-களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று நம் மக்களை நடுரோட்டில் நிறுத்திய கொடுமைக்குப் பிறகு ஏற்பட்ட கட்டுப்பாடு இது. அந்தக் கொடுமையைக் கண்டுதான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே, தோட்டம் நகரமாக மாறும்போது அரசாங்கத்தின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அந்தக் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை வையுங்கள் என்று கேட்கிறோம்: அங்கே வேலை செய்த குடும்பங்களுக்கு அதே நிலத்தில் வீட்டு மனை ஒதுக்கிய பிறகே அனுமதி.

இது பேராசை அல்ல. கணக்குப் பாருங்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டம், அதில் நூறு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குப் பத்து வீடு என்றால், வேண்டியது பத்து ஏக்கர். நூற்றில் ஒரு பங்கு. அனுமதி கிடைத்ததும் மீதி 990 ஏக்கரின் விலை பல மடங்கு ஏறுகிறது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர் தொழிலாளி. நூற்றில் ஒரு பங்கு நியாயமா அல்லவா என்று எந்த நீதிபதியையும் கேளுங்கள்.

இரண்டாவது, சட்டத் திருத்தம். 1960-ஆம் ஆண்டின் நிலம் எடுக்கும் சட்டத்தில், நஷ்டஈடு பெற உரிமையுள்ளவர் யார் என்று சொல்லுகிற இடத்தில், சொந்தக்காரரின் விருப்பப்படி குடியிருப்பவருக்கு இடமில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அந்தச் சொல்லுக்குள் நம்மைத் தள்ளிவிடலாம். அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். வேலை நீக்கத்துக்குக் கொடுக்கிற பணத்தைக் காட்டி வீட்டுக் கடமையைத் தட்டிக்கழிப்பதும் செல்லாது. 1980-ன் விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் சம்பளம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக் கணக்கில், அது முப்பதாயிரம் வெள்ளிக்கு முன்பின்னாக இருக்கும். அதைக் கொண்டு எந்தப் பட்டணத்தில் வீடு வாங்குவது? வயதாகி ஓய்வு பெறுகிறவருக்கு அந்த விதியின் பணம்கூட இல்லை.

மூன்றாவது, ஒரே பொறுப்பு. முன்னாள் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக்கு நிலத்தையும் பணத்தையும் கட்டுமானத்தையும் ஒருங்கே கவனிக்கும் ஓர் அமைப்பு வேண்டும். மத்திய அரசாங்கமும் மாநிலமும் அதில் உட்கார வேண்டும். தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும்.

நான்காவது, ரோடும் தண்ணீரும் விளக்கும் முன்னே, வீடு பின்னே. வடிகால் இல்லாத இடத்தில் வீடு கட்டிவிட்டுப் பிறகு வெள்ளத்தைப் பற்றி விசாரணை நடத்துவது வீண் செலவு. தோட்டத்து வேலி, ஊராட்சி மன்றத்தின் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் தடையாக இருக்கக்கூடாது. உள்ளே இருப்பவரும் இந்நாட்டுப் பிரஜைதான்.

ஐந்தாவது, கணக்கு. எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு, எந்த மாதம் தொடக்கம், எந்த மாதம் சாவி என்று பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சுணங்கினால் யார் காரணம் என்று அதிலே எழுத வேண்டும்.

கிளைகளின் வேலை

அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருப்பதற்கில்லை. கேட்கிறவரிடம் கணக்கு இருக்க வேண்டும். பல தோட்டங்களில் விற்பனை நோட்டீசு வந்த பிறகுதான் நம்மவர் ஓடிவருகிறார்கள். அப்போது, "எத்தனை குடும்பம்?" என்று அதிகாரி கேட்டால் மூவர் மூன்று எண்ணிக்கை சொல்லுகிறார்கள். அங்கேயே நம் வழக்குப் பாதி தோற்றுவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு சிவப்புப் புத்தகம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் எழுதும் புத்தகம் போதும். லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். குடும்பத் தலைவர் பெயர், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெறும் ஆண்டு, வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டுகளையும் வேலைக் கடிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தோட்டத்தின் வரைபடம் ஒன்றை வரைந்து லயம், கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். இந்த வேலையைத் தாய்மார்களிடம் கொடுங்கள். எந்த வீட்டில் என்ன குறை என்று கிளைச் செயலாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுதியதை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். ஒரு பிரதி கிளையில் இருக்கட்டும், ஒரு பிரதி தலைமையகத்துக்கு வரட்டும்.

அந்தப் புத்தகங்களை ஒன்றாக அடுக்கி மந்திரியின் மேசைமேல் வைத்தால், "உங்கள் குறையை ஆராய்கிறோம்" என்று யாரும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, வீடு எங்கே என்று நாம் கேட்கலாம். தோட்டம் விற்கப்படும் செய்தி வருகிற வரையில் காத்திராதீர்கள். மரம் நிற்கும்போதே மனையைக் கேட்க வேண்டும்; மரம் சாய்ந்த பிறகு கேட்டால் தாமதமாகிவிடும்.

அரசாங்கத்தால் வீடு கட்ட முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சிகள் இருக்கின்றன. நிலத்தைக் குறித்து, பொறுப்பை ஒருவர் தலையில் வைத்து, பணத்தை ஒதுக்கி, கணக்கைக் கேட்டபோதெல்லாம் அது கட்டியிருக்கிறது. அந்த நான்கையும் தோட்டத் தொழிலாளிக்காகவும் செய்ய வைப்பதே நம் சங்கத்தின் வேலை. வருகிற மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் தன் புத்தகத்தோடு வருமென்று நம்புகிறேன்.